ஆர்.எஸ்.100: நனைந்த பிளக்கும் காணாமற்போன கியர் ஓயிலும்

மட்டக்களப்பில், கொக்கட்டிச்சோலையிலிருந்து பெரியப்பாவின் யமஹா ஆர்.எஸ்.100 மோட்டார் சைக்கிள் கல்லடிக்கு வந்து சேர்ந்தபோது, அதன் கைபிடியில் ஒரு பொலித்தீன் பை தொங்கிக்கொண்டிருந்தது. பைக்குள் ஒன்பது ஸ்பார்க் பிளக்குகளும் ஒரு பிளக்குச் சாவியும் இருந்தன. ஒன்றும் புதிதல்ல. மண்முனைப் பாலத்தைக் கடந்து வருவதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மாற்றியதாகப் பெரியப்பா சொன்னார். "இதுக்குப் பிளக்குத்தான் மனே சாப்பாடு. நிண்டா மத்ததப் போடு, மறுகா ஓடும்" என்பதே அவருடைய பராமரிப்பு முறையாக இருந்திருக்கிறது. புகையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை; இரண்டு ஸ்ட்ரோக் வண்டி என்றால் புகைக்கத்தான் செய்யும் என்பது அவருடைய எண்ணம்.

இந்த வண்டியைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 52 மில்லிமீற்றர் விட்டமும் 45.6 மில்லிமீற்றர் ஓட்டமும் கொண்ட 97 சி.சி. ஒற்றைச் சிலிண்டர், ரீட் வால்வு, பொயின்ற் எனப்படும், திறந்து மூடும் தொடுமுனைகளால் இயங்கும் பற்றவைப்பு, 6 வோல்ட் மின்சாரம். எண்ணெயைப் பெற்றோலுடன் நாம் கலக்க வேண்டியதில்லை. ஓட்டோலூப் எனப்படும் சிறு பம்ப் ஒன்று தனித் தாங்கியிலிருந்து இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான 2ரி ஓயிலை எடுத்து, அக்சிலரேட்டரின் அளவுக்கும் எஞ்சினின் வேகத்துக்கும் ஏற்ப, பெற்றோல் கலவை எஞ்சினுக்குள் போகும் உள்வழியில் சொட்டுச் சொட்டாக விடும். யமஹா இந்த முறையை 1964 இல் அறிமுகப்படுத்தியது. ஓயிலை நாம் கலக்க வேண்டியதில்லை என்ற விடயத்தை நினைவில் வைத்திருங்கள்; முதலாவது சிக்கல் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

ஸ்பனர் எதையும் தொடுவதற்கு முன் ஒன்பது பிளக்குகளையும் பழைய பத்திரிகைத் தாளில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஏழு பிளக்குகள் நனைந்து, கரிய பளபளப்புடன், தொட்டால் விரலில் ஒட்டும் நிலையில் இருந்தன. எட்டாவது, விளக்குக் கரியைப் போல உலர்ந்து, ஊதினால் பறக்கும் கரி படிந்திருந்தது. ஒன்பதாவதை வில்லைக் கண்ணாடியால் பார்த்தபோதுதான், நடு முனைக்கும் வளைந்த முனைக்கும் இடையிலுள்ள வெளியில் தலைமயிரை விட மெல்லியதாக ஒரு கரித் துணுக்கு குறுக்கே நிற்பது தெரிந்தது. அந்தப் பிளக் மற்ற வகையில் சுத்தமாகவே இருந்தது. மின்சாரம் பொறியாகத் தாவ வேண்டிய இடத்தில் அதற்குப் பாலம் போட்டுக் கொடுத்துவிட்டால் அது ஏன் தாவப் போகிறது? ஊசி முனையால் தட்டியதும் துணுக்கு விழுந்துவிட்டது. பிளக் மீண்டும் வேலை செய்தது.

உலர்ந்த கரியும் நனைந்த கரியும் ஒரே கதையைச் சொல்பவை அல்ல. உலர்ந்த கரி பெரும்பாலும் பெற்றோல் மிகுந்த கலவையிலிருந்தும் நீண்ட நேர ஐட்லிங்கிலிருந்தும் வருவது. நனைந்த கரி, எரியாத எண்ணெயின் அடையாளம். நனைந்திருப்பது பெற்றோலா எண்ணெயா என்ற சந்தேகத்துக்கும் பத்திரிகைத் தாளே போதும்: பிளக்கின் முனையைத் தாளில் ஒற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால், பெற்றோல் ஈரம் காய்ந்து மறைந்துவிடும், எண்ணெய், பலகாரம் சுற்றிய தாளைப் போல, வெளிச்சம் ஊடுருவும் கறையாக நின்றுவிடும். என்னுடைய ஏழும் பலகாரத் தாள்கள்தாம்.

பிறகு மல்ரிமீற்றரை எடுத்தேன். கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். வெள்ளைப் பீங்கானின் மூக்கில் கரிப் படலம் முழுமையாகப் படிந்துவிட்டால், கொயில் அனுப்பும் உயர் மின்னழுத்தம் இடைவெளியில் பொறியாகத் தாவும் அளவுக்கு ஏறுவதற்கு முன்னரே அந்தப் படலத்தின் வழியே உடலுக்கு வழிந்துவிடும். நல்ல பிளக்கில் மேல் முனைக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே 20 மெகாஓம் அளவையில் மீற்றர் எதையும் காட்டக்கூடாது. பெரியப்பாவின் ஏழையும் பெற்றோலில் கழுவி, வெயிலில் காயவைத்து அளந்தபோது, ஒன்று 3 மெகாஓம், ஒன்று 900 கிலோஓம், இன்னொன்று வெறும் 140 கிலோஓம் காட்டின. கண்ணுக்கு அவை மூன்றும் சுத்தமாகத்தான் தெரிந்தன. பொயின்ற் வண்டிகளில் மின்னழுத்தம் மெதுவாக ஏறுவதால், இந்தக் கசிவு சி.டி.ஐ. எனப்படும் மின்னணுப் பற்றவைப்பு உள்ள வண்டிகளை விட அவற்றை அதிகமாகப் பாதிக்கும். கேஸ் அடுப்பில் குறட்டால் பிடித்துச் சுட்டபோது நான்கு பிளக்குகள் மீண்டன. மூன்று மீளவே இல்லை. அந்த மூன்றின் பீங்கானிலும் இரும்பு வயர் பிரஷ்ஷால் உரசிய சாம்பல் நிறக் கோடுகள் இருந்தன. கரியை எடுக்கப்போய் உலோகத்தைப் பூசி வைத்திருக்கிறார்கள். பிளக்கின் புரிக்கு மட்டும் பித்தளைப் பிரஷ் போதும். பீங்கானில் பிரஷ்ஷைக் கொண்டுபோகவே கூடாது என்பது என் கட்சி.

எண்ணெய் அதிகம் என்பது தெளிவானதும், எண்ணெய் எந்த வழியால் வருகிறது என்பதே கேள்வியாயிற்று. பெற்றோல் தாங்கியைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் சிறிது பிடித்தபோது, வெறும் பெற்றோலுக்கு இருக்கக்கூடாத நீல நிறம் தெரிந்தது. விசாரித்ததில் விடயம் வெளியே வந்தது. பெரியப்பாவிடம் வயலுக்கு மருந்தடிக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. அதுவும் இரண்டு ஸ்ட்ரோக்தான். ஆனால் அதற்குப் பம்ப் இல்லை, 25 லீற்றர் பெற்றோலுக்கு ஒரு லீற்றர் என்ற கணக்கில் ஓயிலைக் கலந்தே ஊற்ற வேண்டும். வாடியில் ஒரே கலன். அதிலிருந்துதான் மெஷினுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும். ஓட்டோலூப் தாங்கியையும் அவர் காய விடவில்லை. ஆக எஞ்சினுக்கு இரண்டு வழியாலும் ஓயில் போய்க்கொண்டிருந்தது.

தாங்கியை வடித்து, சுத்தமான 92 ஒக்டேன் பெற்றோல் ஊற்றினேன். பம்பையும் பார்த்துவிடுவது நல்லது என்று, கேபிள் குறி பொருந்துகிறதா என்பதைச் சரிபார்த்து, பம்பின் மிகக் குறைந்த ஓட்டத்தை, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜால் அளந்தேன், 0.20 முதல் 0.25 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டியது, 0.25 இருந்தது. வண்டி நிற்கும்போது தாங்கியிலிருந்து ஓயில் தானாக வழிந்து உள்ளே போகிறதா என்று அறிய, ஓயில் குழாயை உள்வழியிலிருந்து கழற்றி ஒரு சிறிய மருந்துக் குப்பிக்குள் விட்டு இரவு முழுவதும் வைத்தேன். காலையில் குப்பியின் அடியில் ஒரு சொட்டுக்கு மேல் இல்லை. பம்ப் குற்றமற்றது. உலர்ந்த கரி பிடித்த எட்டாவது பிளக்கின் காரணம், காபரேற்றரில் கூடுதல் பெற்றோலை விடும் சோக் உருளையின் அடி ரப்பர் தேய்ந்து சரியாக மூடாதது. அதை மாற்றியதோடு அந்தக் கதை முடிந்தது.

பதினைந்து கிலோமீற்றருக்கு ஒரு பிளக் தின்ற வண்டி இப்போது அறுபது கிலோமீற்றர் ஓடியது. நான் நிறைவடைந்து வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதுதான் நான் செய்த பிழை. புகை குறைந்திருந்ததே தவிர நின்றிருக்கவில்லை. அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டேன். ஒன்பதாம் நாள் வண்டி திரும்பி வந்தது. பையில் இப்போது பத்துப் பிளக்குகள்.

இரண்டாம் சுற்றில் பற்றவைப்பின் பக்கம் திரும்பினேன். இருட்டிய பிறகு பிளக்கைக் கழற்றி எஞ்சினின் மேல் படிய வைத்து உதைத்துப் பார்த்ததில், நீலமாகவும் தடித்தும் வரவேண்டிய பொறி மஞ்சளாக, நூல் போல வந்தது. ஃபிளைவீலின் துளை வழியே பார்த்தால் பொயின்ற் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அங்கேயே ஒரு பொறி வெடித்தது. பிளக்கில் வரவேண்டிய பொறி பொயின்றில் வந்தால், அங்கே பொறி எழாமல் தடுக்கும் கொண்டென்சர் போய்விட்டது என்று பொருள்; அல்லது, கடலுக்கும் வாவிக்கும் நடுவே வாழும் நம்முடைய ஊர்களில் அடிக்கடி நடப்பது போல, அதன் பூமித் தொடுப்பில் கறல் பிடித்துவிட்டது என்று பொருள். இந்த வண்டியில் இரண்டும் நடந்திருந்தன. கொண்டென்சரை மாற்றி, பொயின்றின் முகத்தைச் சமப்படுத்தி, இடைவெளியை 0.35 மில்லிமீற்றருக்கு வைத்து, ஃபிளைவீல் குறியோடு நேரத்தைச் சரிசெய்தேன்.

இங்கே ஒன்றைக் கவனித்துக் குறித்து வைத்தேன். அது பிறகு உதவியது. பொயின்றைச் சுற்றிய இடம் முழுவதும் உலர்ந்து தூசியாக இருந்தது. பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்கின் இடப்பக்கத்தை அடைக்கும் ரப்பர்ச் சீல் கசிந்திருந்தால் அந்த அறையில் எண்ணெய்ப் பூச்சு படிந்திருக்கும்.

பொறி நன்றாக வந்ததும் வண்டி இன்னும் நீண்ட தூரம் ஓடியது. ஆனாலும் ஏறத்தாழ நூறு கிலோமீற்றரில் பிளக் மீண்டும் நனைந்தது. அப்போது பலரும் சொல்லும் யோசனைக்கு நானும் இணங்கினேன்: என்.ஜி.கே. பி8எச்.எஸ். பிளக்குக்குப் பதிலாக பி7எச்.எஸ். போட்டேன். என்.ஜி.கே. எண் முறையில் எண் குறையக் குறைய பிளக் சூடாக இயங்கும். அதன் மூக்கு ஏறத்தாழ 450 அல்லது 500 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். வயல் வரம்பில் இரண்டாம் கியரில் ஊரும் வண்டிக்கு ஒரு எண் சூடான பிளக் பொருத்தமானதே, அதில் தவறில்லை. ஆனால் நோய் தெரியாமல் அதைப் போட்டதால் இரண்டு வாரம் வீணாயிற்று. பிளக் எண்ணெயை எரித்துத் தாக்குப்பிடித்தது. எண்ணெயோ வந்துகொண்டேதான் இருந்தது. சைலன்சர் வாயில் கரிய நெய் போன்ற கசிவு சொட்டி, பின் சக்கரத்தின் விளிம்பில் படிந்திருப்பதைப் பெரியம்மாதான் முதலில் காட்டினார்.

மூன்றாம் சுற்றில்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: கியர் ஓயில் எவ்வளவு இருக்கிறது? பழையதை முழுவதும் வடித்து, அளவுச் சாடியால் சரியாக 600 மில்லிலீற்றர் புதிய ஓயில் ஊற்றி, 380 கிலோமீற்றர் ஓடிய பிறகு மீண்டும் வடித்தேன். 410 மில்லிலீற்றர்தான் இருந்தது. வண்டி நின்ற இடத்தில் நிலத்தில் ஒரு சொட்டும் இல்லை. வடித்த ஓயில் ஊற்றியதை விட நீர்த்து, பெற்றோல் மணத்தது.

அந்த 190 மில்லிலீற்றரை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். வண்டி லீற்றருக்கு நாற்பது கிலோமீற்றர் ஓடுகிறது. பம்ப் சராசரியாக நாற்பதுக்கு ஒன்று என்று ஓயிலை விட்டால், கிலோமீற்றருக்கு 0.6 மில்லிலீற்றருக்குச் சற்று மேல். காணாமற்போன கியர் ஓயில் கிலோமீற்றருக்கு 0.5 மில்லிலீற்றர். அதாவது, எஞ்சின் தனக்கு வேண்டிய ஓயிலோடு ஏறக்குறைய இன்னொரு மடங்கையும் சேர்த்து எரித்துக்கொண்டிருந்தது. மருந்தடிக்கும் கலனை நிறுத்தி நான் குறைத்தது மிகையின் ஒரு பங்கு மட்டுமே. மறு பங்கு உள்ளேயிருந்தே வந்திருக்கிறது.

வழி எது என்பதும் இப்போது தெளிவு. இந்த வண்டியில் கிராங்கின் வலப்பக்கம் கிளச்சும் கியர் ஓயிலும் இருக்கும் அறை. அதற்கும் கிராங்க் அறைக்கும் நடுவே ஒரு ரப்பர்ச் சீல்தான் சுவர். பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க் அறையில் வெற்றிடம் உண்டாகும். சீல் தளர்ந்திருந்தால் கியர் ஓயில் உறிஞ்சப்படும். பிஸ்டன் கீழே வரும்போது அழுத்தம் உண்டாகும். அப்போது பெற்றோல் கலவை மறுபக்கம் தள்ளப்படும். வடித்த ஓயில் பெற்றோல் மணத்ததற்கு அதுவே காரணம். வேகமாக ஓடி அக்சிலரேட்டரை முழுவதும் மூடும் போது வெற்றிடம் கூடுவதால், அந்த நேரத்தில்தான் பின்னால் வெண்புகை திரளாக எழும். பாலத்தில் வேகமாக வந்து சந்தியில் வேகத்தைக் குறைக்கும்போது பின்னால் வருபவர் ஹோன் அடிப்பது ஏன் என்று பெரியப்பாவுக்கு அதுவரை விளங்கவில்லை.

கணக்கு எவ்வளவு பொருந்தினாலும், எஞ்சினைப் பிரிக்கும் முன் கண்ணால் பார்க்க விரும்பினேன். அதற்கு வேண்டியது கிராங்க் அறையை மூடி அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனை. சதுர அங்குலத்துக்கு 6 இறாத்தல் போதும்; அதற்கு மேல் போனால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். டயருக்குக் காற்றடிக்கும் பம்பில் இந்தச் சிறிய அளவைக் கட்டுப்படுத்த முடியாது. வீட்டில் அம்மாவுக்குப் பிரஷர் பார்த்த பழைய கருவி ஒன்று, கைப்பட்டி கிழிந்த நிலையில் கிடந்தது. அதன் மணிமுகம் 300 மில்லிமீற்றர் பாதரசம் வரை காட்டும், அது 5.8 இறாத்தலுக்குச் சமம். இதற்கென்றே செய்து வைத்தது போல இருந்தது. கையால் அமுக்கும் ரப்பர்ப் பந்தும் காற்றை விடும் திருகும் அதிலேயே இருக்கின்றன.

மீளாத மூன்று பிளக்குகளில் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, வெறும் உலோகக் கூட்டுக்குள் சைக்கிள் ரியூப் வால்வின் தண்டை எப்பொக்சியால் ஒட்டினேன். புகைவழிக்கும் உள்வழிக்கும் ரப்பர்ச் செருப்பின் அடியில் வட்டமாக வெட்டிய தக்கைகளை, இரு பக்கமும் வாசர் வைத்து நடுவில் போல்ட்டை இறுக்கி, விரிந்து அடைக்கும்படி செய்தேன். பிஸ்டனைக் கீழ் எல்லைக்கு இறக்கினால் சிலிண்டரும் கிராங்க் அறையும் பக்கவழிகளால் ஒன்றாகிவிடும்; ஆகவே பிளக் துளையால் கொடுக்கும் காற்று கீழேயும் போய்ச் சேரும்.

முள் 300 வரை ஏறியது. கையை எடுத்ததும் கண் முன்னே இறங்கத் தொடங்கியது. நல்ல எஞ்சின் ஒரு நிமிடத்தில் ஓர் இறாத்தலுக்கு, அதாவது ஏறத்தாழ 50 மில்லிமீற்றருக்கு மேல் இழக்கக்கூடாது. இது இருபது செக்கனில் 90க்கு வந்துவிட்டது. சிலிண்டர் அடியிலும் தலையிலும் சவர்க்கார நீரைப் பூசினேன், ஒன்றுமில்லை. ஃபிளைவீலைக் கழற்றி இடப்பக்கச் சீலில் பூசினேன். உலர்ந்த பொயின்ற் சொன்னது போலவே அங்கும் ஒன்றுமில்லை. பிறகு கியர் ஓயில் ஊற்றும் மூடியைத் திறந்து, சவர்க்கார நீரில் தோய்ந்த விரலால் துளையின் வாயில் மெல்லிய படலம் ஒன்றை இழுத்துவிட்டு, ரப்பர்ப் பந்தை அமுக்கினேன். படலம் தட்டையாக இருந்து, மெதுவாக மேலெழுந்து, பெரிய நெல்லிக்காய் அளவுக்கு உப்பி உடைந்தது. மறுபடியும் இழுத்து விட்டேன்; மறுபடியும் உப்பியது. பக்கத்தில் நின்ற பெரியப்பா தானே ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஓம் மனே, மூச்சு இங்கால வருது" என்றார்.

எஞ்சினைப் பிரித்த வேலையை விவரிக்கப்போவதில்லை. கேஸைப் பிரிப்பது எல்லா ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சீலை மட்டும் மாற்றி மூடாததற்குக் காரணம், கிராங்கின் வலப்பக்கப் பெயாரிங்கில் விரலால் ஆட்டினாலே தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தது. கிராங்க் சுழலும்போது ஆடினால் எந்தச் சீலின் உதடும் தேயும். பெயாரிங்கை விட்டுவிட்டுச் சீலை மாற்றினால் அடுத்த போகத்துக்குள் வண்டி மீண்டும் வந்து நிற்கும். பெயாரிங் இரண்டையும் சீல் இரண்டையும் மாற்றி, பட்டறையில் கிராங்கை இரு மையங்களுக்கு இடையே வைத்துச் சுழற்றிப் பார்த்ததில் வளைவு 0.03 மில்லிமீற்றருக்குள் இருந்தது. பழைய வலச் சீலைப் புதியதோடு கையில் வைத்துப் பார்த்தால் வேறு விளக்கமே வேண்டாம்: புதியதன் உதடு காது மடலைப் போல வளைந்தது; பழையது போத்தல் மூடியைப் போல விறைத்து, நகத்தால் நெம்பியதும் வெடிப்பு விட்டது.

மூடிய பின் அதே பிரஷர் கருவியால் அதே சோதனையைச் செய்தேன். ஐந்து நிமிடத்தில் முள் 300 இலிருந்து 270க்கு வந்தது. போதும்.

எரிவை அறிய, புதிய பி8எச்.எஸ். போட்டு, வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் நேர்ப் பாதையில் சில நிமிடம் சுமையோடு ஓட்டி, கிளச்சைப் பிடித்தபடி எஞ்சினை அப்படியே அணைத்து, உருண்டு நின்ற இடத்தில் பிளக்கைக் கழற்றினேன். ஐட்லிங்கில் நின்றபின் கழற்றினால் ஐட்லிங்கின் நிறத்தைத்தான் காண்போம். பழைய கையேடுகள் சொல்லும் செம்பழுப்பு நிறத்தை எதிர்பார்க்க வேண்டாம். அது பெரிதும் ஈயம் கலந்த பெற்றோலின் நிறம். இப்போதைய பெற்றோலில் மூக்கின் முனை ஏறக்குறைய வெண்மையாகவே இருக்கும்; பார்க்க வேண்டியது பீங்கானின் அடியில், உலோகத்தோடு சேரும் ஆழத்தில் இருக்கும் புகை வளையத்தை. அங்கே மெல்லிய பழுப்பு வளையம் ஒன்று இருந்தது; எண்ணெய்ப் பளபளப்பு இல்லை. வயல் ஓட்டத்துக்காகப் பிறகு பி7எச்.எஸ். பிளக்கையே போட்டு விட்டேன்; இம்முறை காரணம் தெரிந்தே போட்டேன்.

500 கிலோமீற்றர் கழித்து வடித்த கியர் ஓயில் 590 மில்லிலீற்றர். குறைந்த பத்து மில்லிலீற்றர் சாடியிலும் கேஸிலும் ஒட்டியது என்று எடுத்துக்கொண்டேன். பெற்றோல் மணம் இல்லை. பிளக்கை மீற்றரில் வைத்தால் அளவே காட்டவில்லை. வாடியில் இப்போது இரண்டு கலன்கள். மருந்தடிக்கும் மெஷினுக்கானதன் கழுத்தில் பெரியம்மா சிவப்புத் துணித் துண்டொன்றைக் கட்டியிருக்கிறார். பொலித்தீன் பையை மட்டும் பெரியப்பா இன்னும் கைபிடியிலிருந்து கழற்றவில்லை.